எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆடிட்

"வேலைக்குப் போய்க்கிட்டே வீடியோ பண்றேன். எடிட்டிங் முடிச்சாச்சு, எக்ஸ்போர்ட்ல என்ன செட்டிங் போடணும்?"னு நிறைய பேர் கேட்கிறீங்க. முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்.

ஃபார்ம் 16 பத்தின வீடியோ அது. பேர், பான் எல்லாம் மறைச்சுத்தான் காட்டுவேன்னு சொல்லி ஒரு கிளையண்ட்கிட்ட படிவம் வாங்கியிருந்தேன். ஸ்க்ரோல் பண்ணினப்போ ப்ளர் ஒரே இடத்துல நின்னுடுச்சு, பான் நம்பர் நகர்ந்து வெளியே வந்துடுச்சு. ராத்திரி 1 மணிக்கு எக்ஸ்போர்ட் பண்ணி, பார்க்காமலே ஏத்திட்டேன். காலையில அவரே போன் பண்ணினார்.

கிளையண்ட் தகவலை அவர் சம்மதம் இல்லாம வெளியிடறது 1949-ஆம் வருஷத்து பட்டயக் கணக்காளர்கள் சட்டப்படி ஒழுங்கீனம். யூடியூப்ல அதே லிங்க்ல வேற ஃபைலை மாத்தி வைக்கவும் முடியாது. வீடியோவை எடுத்துட்டு, நேர்ல போய் மன்னிப்பு கேட்டேன். உங்களுக்கு இது சேலரி ஸ்லிப்பாவோ, திடீர்னு எட்டிப் பார்க்கிற ஆபீஸ் மெயிலாவோ இருக்கலாம். வேலைக்கே ஆபத்து.

எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி

1. ஸ்கிரீன் ரெக்கார்டிங் வர்ற இடத்தை எல்லாம் மெதுவா நகர்த்திப் பாருங்க. பான், ஆதார், அக்கவுண்ட் நம்பர், ஓடிபி எதுவும் தெரியக் கூடாது. பக்கம் நகர்ந்தா ப்ளரும் கீஃப்ரேம் வெச்சு நகரணும்.
2. ஹெட்போன் போட்டு முழுசா கேளுங்க. நங்கநல்லூர்ல எனக்கு மீனம்பாக்கம் விமானச் சத்தம்தான் நிரந்தர விருந்தாளி. லேப்டாப் ஸ்பீக்கர்ல அது தெரியாது.
3. வாயால சொன்ன தொகையும் ஸ்கிரீன்ல போட்ட தொகையும் ஒண்ணுதானான்னு சரிபாருங்க.

செட்டிங்

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும், 4கே வரைக்கும் எக்ஸ்போர்ட் ஆகும். டெலிவர் பக்கத்துல எம்பி4, எச்.264, ஆடியோ ஏஏசி 48 கிலோஹெர்ட்ஸ். ஃப்ரேம் ரேட், எடுத்தது எதுவோ அதுவே. அப்புறம் ரெண்டர் க்யூல சேர்த்து ரெண்டர் கொடுங்க.

பிட்ரேட்? 1080பி, 30 ஃப்ரேம் வரைக்கும் 8 எம்பிபிஎஸ். 4கேன்னா 35 முதல் 45. இது யூடியூப் பரிந்துரைக்கிற அளவு. நம்ம கணக்குல பாருங்க: பிட்ரேட்டை நொடியால பெருக்கி 8-ஆல வகுத்தா ஃபைல் சைஸ். 10 நிமிஷ வீடியோ 8 எம்பிபிஎஸ்ல சுமார் 600 எம்பி. 45-ல கிட்டத்தட்ட 3.4 ஜிபி. பேசற முகமும் எக்செல் ஷீட்டும் இருக்கிற வீடியோவுக்கு 1080பி தாராளம்.

எக்ஸ்போர்ட் முடிஞ்சதும்

அந்த ஃபைலையே போன்ல போட்டு, முதல்லேர்ந்து கடைசி வரை பாருங்க. டைம்லைன்ல பார்த்தது கணக்குல சேராது. யூடியூப்ல முதல்ல பிரைவேட்டா ஏத்துங்க, மறுநாள் காலையில தெளிவான கண்ணோட பார்த்துட்டு பப்ளிக் பண்ணுங்க.

கடைசியா பணம்

எக்ஸ்போர்ட் மெதுவா ஆகுதுன்னு இஎம்ஐ-ல புது லேப்டாப் வாங்காதீங்க. தூங்கப் போகும்போது ரெண்டர் போட்டா காலையில ரெடி. சேனல்லேர்ந்து வருமானம் வர ஆரம்பிச்சா அப்போ யோசிக்கலாம். அந்த வருமானத்தை ரிட்டர்ன்ல தொழில் வருமானமா காட்டணும், அதுக்கு ஐடிஆர்-1 செல்லாது.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பேலன்ஸ் ஷீட்டை ஒரு தடவை படிக்கிறோம் இல்லையா? எக்ஸ்போர்ட்டும் ஒரு கையெழுத்துதான்.