பேச்சு புரிகிற பெட்டியை நாமே செய்வோம்

2022 ஆகஸ்ட்டில், அப்போது தமிழகத் தலைமைச் செயலராக இருந்த வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போட்டு அறிவிப்புச் செய்யும் வழக்கம் இனி வேண்டாம். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி மூலைமுடுக்கெல்லாம் செய்தியைக் கொண்டு போகலாம் என்பது அதன் சாரம். அந்தப் பறையைத் தோளில் மாட்டித் தெருத்தெருவாக நடந்தவர்கள் யார் என்று செஞ்சி வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செய்தி அரசாங்கத்துடையது, ஊர்ப் பெரியவர்களுடையது. கால் நோக நடந்தது மட்டும் காலனி.

பறையின் இடத்தில் ஒலிபெருக்கி வந்துவிட்டது. ஆனால் அது யாருடைய பெட்டி? ஊருக்குள் பிணக்கு வந்த நேரத்தில் "தேதி இல்லை" என்று மைக் செட்டைத் தர மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இதனால்தான் நம் பிள்ளைகள் சிலர் சொந்தமாகப் பெட்டி செய்யத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பெட்டிகளில் ஒரு குறை உண்டு. ஏப்ரல் 14 அன்று பாட்டு போட்டால் நெஞ்சு அதிர்கிறது. மேடையில் ஒருவர் பேசினால் பாதி புரிவதில்லை.

பேச்சு இருக்கும் இடம்

மனிதப் பேச்சு புரிவதற்கு வேண்டிய ஒலியில் பெரும்பகுதி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. பழைய தொலைபேசிகள் இந்த அளவை மட்டுமே கடத்தின. அதிலேயே ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்தோம். ஒலிபெருக்கியில் இந்தப் பகுதியைச் சுமப்பது 'மிட்' என்று கடைகளில் கேட்டு வாங்கும் நடு ஸ்பீக்கர். நம் பிள்ளைகள் ஊஃபருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மிட்டைப் பெட்டியில் கிடைத்த ஓட்டையில் மாட்டிவிடுகிறார்கள்.

ஊஃபரும் மிட்டும் ஒரே அறையில் இருந்தால், ஊஃபர் உள்ளே தள்ளும் காற்று மிட்டின் கூம்பைப் பின்னாலிருந்து ஆட்டும். குரல் நடுங்கும். ஆகவே மிட்டுக்குப் பெட்டிக்குள்ளேயே தனியாக, காற்றுப் புகாத சிற்றறை வேண்டும். பின்பக்கம் உலோகக் கிண்ணத்தால் மூடியே வரும் மிட்டுக்கு மட்டும் இது தேவையில்லை.

6 அங்குல மிட்டுக்கு உள்ளளவு 20 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம் வைத்தால் ஏறக்குறைய 4.8 லிட்டர் கிடைக்கும். தொடங்குவதற்கு அது போதும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பின்பலகையைச் சற்றுச் சாய்த்து அடித்தால் உள்ளே ஒலி எதிரெதிராக மோதி நிற்பது குறையும். அறைக்குள் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். அழுத்தித் திணிக்க வேண்டாம். மூட்டுகளிலும் ஒயர் நுழையும் துளையிலும் பசை வைத்து அடையுங்கள். மழையில் ஊறி உப்பும் தூள்பலகையை விட பிளைவுட் நல்லது.

ஒயரிங்: பிளஸ் டூ இயற்பியல் போதும்

மிட்டுக்குக் கனத்த பாஸ் போகக் கூடாது. போனால் காயில் கருகும். அதைத் தடுப்பது வரிசையில் இணைக்கும் கண்டன்சர். மாறுமின்னோட்டப் பாடத்தில் மின்தேக்கியின் மறுப்பு படித்தீர்களே, அதே கணக்குதான். 1,59,000-ஐ, வெட்ட வேண்டிய ஹெர்ட்ஸையும் ஸ்பீக்கரின் ஓம்ஸையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் மைக்ரோ ஃபாரட் கிடைக்கும். 400 ஹெர்ட்ஸ், 8 ஓம்ஸ் என்றால் ஏறத்தாழ 50 மைக்ரோ ஃபாரட்.

இதற்கு 'நான் போலார்' கண்டன்சர் வேண்டும். கிடைக்காவிட்டால் 100 மைக்ரோ ஃபாரட் சாதாரணக் கண்டன்சர் இரண்டை, மைனஸோடு மைனஸ் சேர்த்து, இரண்டு பிளஸ் முனைகளையும் பயன்படுத்துங்கள், 50 வந்துவிடும். 8 ஓம்ஸில் 100 வாட் ஓடும்போது உச்ச மின்னழுத்தம் 40 வோல்ட் வரும். எனவே 63 வோல்ட்டுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். மேல்பக்கம் 4,000 ஹெர்ட்ஸில் வெட்ட, 0.3 மில்லி ஹென்றி காயில் ஒன்று வரிசையில் போதும்.

8 ஓம்ஸ் மிட் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம்ஸ். மூன்றைப் போட்டால் 2.7 ஓம்ஸ்தான். ஆம்ப்ளிஃபயரில் "குறைந்தது 4 ஓம்ஸ்" என்று எழுதியிருந்தால் மூன்றாவது மிட் ஆம்பை எரிக்கும். இரண்டு மிட் மாட்டினால் கண்டன்சர் கணக்கையும் 4 ஓம்ஸுக்குப் போட வேண்டும். இரண்டும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று பார்க்க, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு வையுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மெல்லிய ஒயரும் பேச்சைத் தின்னும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைக்கும் 8 ஓம்ஸ் பெட்டிக்கு 0.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால் ஐந்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் வழியிலேயே போய்விடும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இழப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

எதற்காக இந்தப் பெட்டி?

இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். குடியிருப்பில் பகல் வரம்பு 55 டெசிபல். முன் அனுமதியை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருங்கள்; நம் தெரு நிகழ்ச்சி என்றால் வழக்குக்கு அது ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது. அதிர வைப்பதில் பெருமை இல்லை. குறைந்த ஒலியிலும் கடைசி வரிசைக்குப் புரிய வைப்பதுதான் வேலைத்திறன்.

ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன. சுடுகாட்டுப் பாதை பற்றியும் தண்ணீர்த் தொட்டி பற்றியும் நம் பெண்கள் எழுந்து பேசும்போது, "சரியாகக் கேட்கவில்லை" என்று எவரும் தட்டிக் கழிக்கக் கூடாது. ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளை ஒருவர், மரவேலை தெரிந்தவர் ஒருவர், கணக்குப் போட பிளஸ் டூ மாணவி ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்தால் வரும் கோடை விடுமுறைக்குள் ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி தயாராகிவிடும். முதல் சோதனையாகப் பாட்டு போடாதீர்கள். யாரையாவது மைக்கில் பேசச் சொல்லிவிட்டு, தெருக்கோடிக்குப் போய் நின்று கேளுங்கள்.