இருளருக்கும் மீனவருக்கும் நோயைப் பற்றி எப்படிச் சொல்வது?

2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலை நேரத்தில், சென்னையை அடுத்த கோவளம் மீனவர் குப்பத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டால் பிரியாணி, செல்போனுக்கு ரீசார்ஜ். குலுக்கலில் பெயர் விழுந்தால் மிக்சி, தங்கக் காசு, ஸ்கூட்டர்கூட. தொண்டு அறக்கட்டளைகள் செய்த ஏற்பாடு அது. அதுவரை ஊசிப் பக்கமே வராத பலர் வந்து வரிசையில் நின்றார்கள். செய்தி நாடெங்கும் போனது. படித்தவர்களில் நிறையப் பேர் "பிரியாணி போட்டால்தான் இவர்கள் அசைவார்கள்" என்று பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஏற்புடையதல்ல. அந்த மக்கள் தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

முதல் காரணம் பயம். அந்த ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக், மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் எல்லோரும் பார்க்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்துபோனார். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழு அதே முடிவுக்கு அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் வாட்ஸப்பில் ஓடியது வேறு கதை.

இரண்டாவது காரணம் கூலி. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு நாள் லீவு. கடலுக்குப் போகிறவருக்கு அன்றைய பாடு போய்விடும், வீட்டில் உலை ஏறாது. பரிசு அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டியது. ஆனால் பயத்துக்குப் பரிசு போதாது; பதில் சொல்ல ஆள் வேண்டும்.

இந்த இடத்தில்தான் சுகாதாரத் துறையில் 'சுகாதார எழுத்தறிவு' என்று சொல்வது வருகிறது. நோயைப் பற்றிய சரியான சேதி நமக்குக் கிடைக்க வேண்டும். அது புரிய வேண்டும். எது மெய், எது புரளி என்று பிரிக்கத் தெரிய வேண்டும். கடைசியாக, அதை நம் வீட்டில் செய்து முடிக்க வழி இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போனவர்தானா என்பது இதில் ஒரு சிறு பகுதி. பட்டம் பெற்றவர்களே எத்தனையோ பேர் புரளியை நம்பினார்கள்.

பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் எவ்வளவு தெரிந்த விஷயம் இருக்கிறது என்பதற்கு வடநெம்மேலி ஒன்றே போதும். மாமல்லபுரம் போகும் வழியில், முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டு இருளர் பழங்குடியினரின் பிழைப்பு போன பிறகு, 1978இல் அது தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் வைத்திருப்பார்கள். பாம்பின் தலையைப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் கடிக்க விடுவார்கள். சில சொட்டு விஷம் இறங்கும். சில வாரம் கழித்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே திரும்ப விடுவார்கள். இந்தத் தொழிலில் தேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த விஷம் மருந்து கம்பெனிக்குப் போகிறது. அங்கே குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். குதிரையின் உடம்பு அதை எதிரி என்று கண்டு எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்கிறது. அதை எடுத்துச் சுத்தம் செய்ததுதான் பாம்புக்கடி மருந்து. தடுப்பூசி செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். குதிரை செய்வதை இங்கே நம் உடம்பே செய்துகொள்கிறது. உள்ளே போவது நோயைத் தராத ஒன்று: செயலிழக்கச் செய்த கிருமியாக இருக்கலாம், கிருமியின் ஒரு பகுதியை உடம்புக்குக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடாக இருக்கலாம். மறுநாள் காய்ச்சல் பெரும்பாலும் உடம்பு வேலை தொடங்கியதால் வருவது. முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கடி மருந்தில் குதிரை முன்பே உழைத்து முடித்துவிட்டது; அதனால் கடித்த பிறகு போட்டாலும் வேலை செய்கிறது. தடுப்பூசியில் நம் உடம்பு தயாராகச் சில வாரம் பிடிக்கும். காய்ச்சல் வந்த பிறகு ஓடிவந்து போட்டால் அந்தக் காய்ச்சலுக்கு உதவாது.

இருளர் குடியிருப்பில் பேசப் போகிறவர் இங்கிருந்து தொடங்கலாம். அவர்கள் கையாளும் பொருளிலிருந்தே விளக்கம் கிளம்புகிறது.

சொன்னதைச் செய்ய முடியுமா என்பது அடுத்தது. "தனி அறையில் இருங்கள், அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்" என்று ஒட்டியிருந்த சுவரொட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஓரறைக் குடிசையில் ஆறு பேர், தெருவுக்கு ஒரு குழாய் என்று இருக்கும் இடத்தில் அது யாருக்கு? கொரோனா காற்றில் பரவுகிறது. ஆகவே அங்கே சொல்ல வேண்டியது: காய்ச்சல்காரர் திண்ணையிலோ மரத்தடியிலோ படுக்கட்டும், கதவைத் திறந்து வையுங்கள், அவர் முகக்கவசம் போடட்டும், வயதானவர்களைச் சில நாள் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், எழுப்பியும் ஆள் எழாவிட்டால் 108க்குப் போன் போடுங்கள்.

'அறியாமை' என்று எழுதப்பட்டது பல இடங்களில் கையில் காகிதம் இல்லாததுதான். தடுப்பூசிக்கு அடையாள அட்டை கேட்டார்கள். அது இல்லாதவர்களுக்கும் போட வழிமுறை 2021 மே மாதம்தான் வந்தது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்கு அந்த ஆண்டு நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் போனார். நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு அவர் கொடுத்தவை பட்டா, சாதிச் சான்றிதழ் போன்றவை. அதுவரை அவை இல்லாமல்தான் பெருந்தொற்றின் முதல் இரண்டு அலைகளையும் அந்தக் குடும்பங்கள் கடந்தன. நரிக்குறவர் வீட்டில் பேசும் வாகிரிபோலிக்கு எழுத்தே கிடையாது; அங்கே துண்டுப் பிரசுரம் போதாது, வாயால் சொல்ல ஆள் வேண்டும்.

பழி சொல்வதும் காதை அடைத்துவிடும். 2020 மார்ச்சில் டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் மத அமைப்பின் கூட்டத்தோடு நோயை முடிச்சுப் போட்டுப் பேசியபோது, தமிழ்நாட்டு முஸ்லிம்கள் பலர் தெருவில் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள். சென்னையில் நோய் வந்தவர் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். இதைப் பார்த்தவர் இருமலை மறைக்கத்தான் நினைப்பார்.

பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "அண்ணே, வீட்டுக்குப் போய் அண்ணிகிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதில் எங்கே பிசகுகிறதோ அங்கே நம் விளக்கம் பிசகியிருக்கிறது. நேரமும் பார்க்க வேண்டும். விடியுமுன் படகு போய்விடும், மீன் வந்ததும் பெண்கள் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். பத்து மணி முகாமுக்கு யார் வருவார்? மாலையில் வலை சீர்செய்யும் இடத்துக்குப் போனால் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்த தொற்று வருமுன்பே நம்பிக்கை வளர்வது இப்படியான நடையில்தான். இருளர் குடியிருப்புக்கும் பூஞ்சேரிக்கும் அந்த வேலையில், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை, பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் கொடுத்து அமர்த்த வேண்டும். இதை நோயில்லாத நாளில் செய்ய வேண்டும்.