ஒரு மாணவர் கேட்ட கேள்வி



"பையன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான் தம்பி. புள்ளியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். காலமெல்லாம் எண்களைக் கூட்டிக்கொண்டா இருப்பான்?" கலந்துரையாடலில் ஓர் அம்மா இப்படிக் கேட்டதும் அரங்கமே சிரித்தது. நேரமில்லாததால் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால், அந்த ஒரு சோற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? புள்ளியியல் கேட்கும் கேள்வி இதுதான்.

அதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் சி.ஆர். ராவ். 1920-இல், இன்றைய கர்நாடகத்திலுள்ள ஹடகலியில், தெலுங்குக் குடும்பத்தின் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, விளக்கேற்றிப் படிக்க வைப்பாராம். கணிதத்தில் எம்.ஏ. முடித்தும் வேலை கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் இராணுவ வேலை தேடிக் கல்கத்தா போனார். அதுவும் கைகூடவில்லை. அங்கே தற்செயலாக இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1941-இல் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

சில ஆண்டுகளில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் பொறுப்பு வந்தது. ஒருநாள், மாதிரிகள் மிகப் பெரிதாக இருக்கும்போது பொருந்தும் ஒரு விதியை விளக்கிக்கொண்டிருந்தார். தாண்டேகர் என்ற மாணவர், "சிறிய மாதிரிக்கு இப்படி ஏதும் உண்டா?" என்று கேட்டார். ராவிடம் விடை இல்லை. நம்மில் எத்தனை ஆசிரியர்கள், "பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்திருப்பார்கள்! ராவ் அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போட்டார். மறுநாள் கரும்பலகையில் விடை இருந்தது.

கையிலுள்ள தகவலைக் கொண்டு செய்யும் மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. எத்தனை சாமர்த்தியமான முறையைக் கையாண்டாலும், ஒருபக்கம் சாயாத மதிப்பீடு எதுவும் அந்த எல்லையைத் தாண்டாது. இதைத்தான் ராவ் நிறுவினார். 1945-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். சுவீடனின் கிராமரும் தனியாக இதே முடிவுக்கு வந்ததால், இது 'கிராமர்–ராவ் எல்லை' எனப்படுகிறது. ரேடார் கருவியால் விமானத்தின் இடத்தைக் கணிப்பவர்களும் இதைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார்கள். கேள்வி கேட்ட தாண்டேகர் பின்னாளில் இந்தியாவின் வறுமையை அளந்த பொருளாதார அறிஞரானார்.

ராவ் கேம்பிரிட்ஜ் சென்று, சூடானில் தோண்டியெடுத்த பழங்கால எலும்புகளை அளந்து ஆராய்ந்தார். ஃபிஷரின் வழிகாட்டலில் 1948-இல் முனைவர் பட்டம் பெற்றுக் கல்கத்தாவுக்கே திரும்பினார்.

நமக்கு 55 வயதானதும் இ.பி.எஃப். நினைப்பு வந்துவிடும். ராவோ அறுபதை நெருங்கும் வயதில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1988-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. 2001-ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கமும் கிடைத்தது.

புள்ளியியலுக்கான அனைத்துலகப் பரிசு அவருக்கு 2023-இல் அறிவிக்கப்பட்டது. அப்போது வயது 102. பரிசுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது, 78 ஆண்டுகளுக்கு முன் வெளியான அந்தக் கட்டுரை. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

அம்மா, பையனைத் தடுக்காதீர்கள்.