கை மக்கர் பண்ணினால் கலெக்டராகக் கூடாதா?

மாடம்பாக்கத்தில் பஸ் பிடித்து, தாம்பரத்தில் பீச் லோக்கல் ஏறுகிற நண்பர்களுக்குப் பழகிய காட்சிதான். ஜன்னலோரம் ஒருவர் டி.என்.பி.எஸ்.சி. கைடு புரட்டுவார். எதிர் சீட்காரர் பாங்க் எக்ஸாமுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் சரி, படித்ததைப் பேப்பரில் இறக்கக் கை ஒத்துழைக்கவில்லை என்றால்?

அப்படி மாட்டிக்கொண்டவர் விகாஷ் குமார். எம்.பி.பி.எஸ். முடித்தவர். எழுத உட்கார்ந்தால் கை முரண்டு பிடிக்கும். 'ரைட்டர்ஸ் கிராம்ப்' என்று பெயர். 2018 ஐ.ஏ.எஸ். பரீட்சையில், தான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கேட்டார். கிடையாது என்றது யு.பி.எஸ்.சி. பார்வையற்றவர் போன்ற சில பிரிவினருக்குத்தான் ஆளாம். குறைபாடு 40 சதவிகிதம் இருக்க வேண்டுமாம். போதாக்குறைக்கு, எல்லோருக்கும் ஆள் கொடுத்தால் தில்லுமுல்லு நடக்குமாம்!

சுப்ரீம் கோர்ட் 2021 பிப்ரவரி 11-ல் தீர்ப்புச் சொன்னது. 40 சதவிகிதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கான அளவுகோல். எழுத ஆள் தருவதற்கு அதைக் காட்டிக் கையை விரிக்கக் கூடாது. எவனோ ஏமாற்றுவான் என்று நிஜமாகவே முடியாதவரைத் தண்டிப்பது என்ன நியாயம்? மூன்று மாதத்தில் விதிமுறை வகுக்கச் சொன்னார்கள் நீதிபதிகள். வந்தது 2022 ஆகஸ்டில். சர்க்கார் காலண்டரில் மூன்று மாதம் கொஞ்சம் நீளம், ஸார்!

இதற்கு நடுவே, 2021 நீட் பரீட்சையில் ஒரு மாணவி. எழுதுவதைச் சிரமமாக்கும் 'டிஸ்கிராஃபியா' அவருக்கு. சட்டப்படி ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. ஹாலில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மற்றவர்களோடு சேர்த்து அவரிடமும் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். நவம்பரில் சுப்ரீம் கோர்ட், தப்பு தேர்வு முகமையுடையதுதான் என்றது. ஒரு வாரத்தில் பரிகாரம் யோசிக்கச் சொன்னது. ஆனால் மறு தேர்வு கிடையாது என்றும் சொல்லிவிட்டது. எனக்கு நெருடுவது இந்த இடம்தான். கேஸில் நியாயம் கிடைத்தும், போன அந்த ஒரு மணி நேரம் போனதுதானே?

பாங்க் எக்ஸாம் நண்பருக்கும் சேதி இருக்கிறது. 2025 பிப்ரவரியில், பாங்க் பரீட்சை எழுதிய ஒருவர் தொடர்ந்த வழக்கில், 40 சதவிகிதத்துக்குக் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தச் சலுகைகள் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் மறுபடி அடித்துச் சொன்னது.

தம்பி தங்கைக்கு இப்படிச் சிரமம் இருந்தால், அப்ளிகேஷன் போடும்போதே ஆளும் நேரமும் கேட்டுவிடுங்கள். மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். அரசு டாக்டரின் சான்றிதழ் தேவை. அந்த விதிமுறையிலும் ஒரு ஜெராக்ஸ் பையில் இருக்கட்டும். ஹால் சூப்பர்வைசர் படித்திருக்க மாட்டார்!