எந்தத் தரைக்கு எந்தப் பந்து?

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் கிரிக்கெட் ஆடுகிறார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை மணல் பூமி. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் இந்தப் பக்கத்தில் மைதானம் என்றால் பெரும்பாலும் மணலும் திட்டுத்திட்டாகப் புல்லும்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கமெல்லாம் வயலும் களிமண்ணும். பெரும்போக அறுவடை முடிந்து நிலம் காய்ந்ததும், தாள் கட்டைகளைச் செதுக்கி மட்டம் பார்த்து ஆடுகளம் போட்டுவிடுவார்கள்.

படுவான்கரையில் நெஞ்சு உயரத்துக்குப் பந்தை எழுப்பி விக்கெட் எடுக்கிற பையன், எழுவான்கரைச் சுற்றுப்போட்டிக்கு வந்து அதே பந்தை அதே இடத்தில் குத்தினால், அது முழங்காலைத் தாண்டாமல் துடுப்பாட்டக்காரரின் மட்டைக்கு வசதியாகப் போய்ச் சேரும். 'பந்து சரியில்லை' என்பான். பந்தைத் தனியே வைத்து நல்லது, கெட்டது என்று சொல்லவே முடியாது. தரையையும் வீசுகிறவரின் கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குச் சரிவரும்.

முதலில் தரை. பந்து குத்தி எழுவது என்பது, போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான். உலர்ந்த மணலில் பந்து விழுந்தால் மணிகள் ஒன்றையொன்று தள்ளி நகர்கின்றன. அந்த நகர்விலேயே சக்தியின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீற்றருக்கும் சிறியது, தகடு போன்றது. ஈரப்பதத்தோடு உருளை ஓட்டினால் தகடுகள் நெருங்கிப் படிந்து, காய்ந்ததும் கல்லாக இறுகும். டெஸ்ட் ஆடுகளங்களைக் களிமண்ணில் அமைப்பது இதனால்தான். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் களி இன்னும் சுருங்கி வெடிக்கும். வெடிப்பின் விளிம்பில் குத்திய பந்து எந்தப் பக்கம் போகும் என்று வீசியவருக்கே தெரியாது.

ஈரம் மணலை இறுக்கும், களியை இளக்கும். அலை நனைத்துவிட்டுப் போன கடற்கரை மணலில் மணிகளுக்கு இடையே நிற்கும் நீர் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. அங்கே பந்து ஓரளவு எழும். பத்தடி மேலே, உலர்ந்த மணலில் அதே பந்து செத்துக் கிடக்கும். மழைக்கு மறுநாள் வயல் ஆடுகளத்தில் ஆட முடியாது; மணல் மைதானத்திலோ ஆட்டம் முன்னைவிட நன்றாக இருக்கும்.

இனிப் பந்து. மென்பந்து என்று நாம் ஆடுவது டென்னிஸ் பந்தும் அதன் உறவுக்காரப் பந்துகளும்தான். சர்வதேச டென்னிஸ் விதிப்படி பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம். கிரிக்கெட்டின் கடினபந்து 155.9 முதல் 163 கிராம். பருமனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, எடையில் ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டையும் காற்று ஏறக்குறைய ஒரே பலத்தோடுதான் தடுக்கிறது. ஆனால் எடை குறைந்ததை அது எளிதில் மடக்கிவிடும். மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், மறுமுனையை எட்டுவதற்குள் கடினபந்து தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு இழக்கும். மென்பந்து கால் பங்குக்கும் மேலே இழந்துவிடும். குறுக்கே மணிக்கு 14 கிலோமீற்றர் வேகத்தில் கடற்காற்று அடித்தால் கடினபந்து 15 சென்ரிமீற்றர் அளவு விலகும், மென்பந்து அரை மீற்றர் வரை விலகும். பின்னேர ஆட்டத்தில் கடல் பக்கமிருந்து வீசுவதா, வாவிப் பக்கமிருந்து வீசுவதா என்று அணித்தலைவர் யோசிப்பது வெறும் பழக்கமல்ல.

குத்தி எழுவதிலும் இரண்டும் வேறு. 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கடினமான தரையில் விட்டால் டென்னிஸ் பந்து 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழ வேண்டும் என்பது விதி. தக்கை நெஞ்சும் தோல் உறையுமான கடினபந்து, விட்ட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு எழுந்தாலே அதிகம். ஆகவே இறுகிய வயல் களியில் மென்பந்து தலைக்கு மேல் போகும், மணலிலோ எழாது.

எழாத தரையில் வீசுகிறவர் என்ன செய்வார்? தரையை நம்பாமல், துடுப்பாட்டக்காரரின் காலடியில் நேரே இறக்குவார். யார்க்கர் எனும் இந்தப் பந்து மணலில் விளைந்த பயிர் என்றால் மிகையில்லை. காலி மாவட்டத்தின் ரத்கமவில் கடற்கரை மென்பந்து ஆட்டத்தில் வளர்ந்தவர் லசித் மலிங்க. தோளுக்கு மேலே போகாமல் பக்கவாட்டில் சுழற்றி எறிவதுபோன்ற அந்தக் கை, எடை குறைந்த பந்துக்கு வேகம் கூட்டுவதற்கு ஏற்றது. கடினபந்துக்கு வந்தபோதும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. 2007 மார்ச் 28 அன்று கயானாவில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார். 2019இல் பல்லேகலவில் நியூசிலாந்துக்கு எதிராக அதையே மறுபடி செய்தார். தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த டி. நடராஜனும் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர்தான். 2020 ஐ.பி.எல். தொடரில் அந்தப் பந்தாலேயே பெயர் வாங்கி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார்.

மென்பந்தின் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றும் வழக்கம் கராச்சித் தெருக்களில் பெரிதாக வளர்ந்தது. நாடா சுற்றினால் பந்தின் எடை சில கிராம் கூடும், ரோமம் மூடப்பட்டு மேற்பரப்பு வழவழப்பாகும். காற்றில் வேகம் முன்போல் கரையாது. ஒரு பாதிக்கு மட்டும் சுற்றினால் வேறு வித்தை: பந்து காற்றில் வளையும். மணல் மைதானத்தில் நாலைந்து ஓவர் போன மென்பந்தை எடுத்துப் பாருங்கள். ரோமம் ஒரு பக்கம் பஞ்சாகக் கிளம்பி நிற்கும், இன்னொரு பக்கம் தேய்ந்து ரப்பர் தெரியும். நாடா சுற்றாமலே அரைப்பந்து வழவழப்பு, அரைப்பந்து சொரசொரப்பு. விஷயம் தெரிந்தவர் தேய்ந்த பக்கத்தைப் பார்த்துத்தான் விரல் வைப்பார்.

இந்த வளைவின் காரணத்தை, அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தின் ரவீந்திர மேத்தா போன்றவர்கள் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து விளக்கினார்கள். பறக்கும் பந்தை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் ஒன்று ஓடும். கடினபந்தின் தையலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து வீசினால், தையல் உள்ள பக்கத்தில் படலம் இடறிக் கொந்தளிக்கும். கொந்தளித்த படலம் பந்தை விடாமல் அதிக தூரம் ஒட்டிச் செல்லும். மறுபக்கத்து அமைதியான படலம் சீக்கிரம் பிரிந்துவிடும். இந்தச் சமமின்மையால் பந்து தையல் காட்டும் பக்கம் வளைகிறது. புதுப்பந்து நன்றாக வளைவது மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்துக்கு அருகில். வேகம் 140ஐ நெருங்கினால் இரு பக்கப் படலமும் கொந்தளித்து, வளைவு எதிர்ப்பக்கம் திரும்பும். அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். பந்து தேய்ந்து ஒரு பக்கம் சொரசொரத்தால் குறைந்த வேகத்திலேயே அது நடக்கும். மணலும் காய்ந்த தரையும் தோலை வேகமாகத் தேய்ப்பதால், இந்த வித்தைக்கு நம் மைதானங்கள் பொருத்தமானவை.

'வாவிக் காற்றில் ஈரம் இருக்கிறது, பந்து வளையும்' என்பது இங்கே எல்லோரும் சொல்வது. ஈரக்காற்று கனமானது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. உண்மையில் ஈரக்காற்று உலர்காற்றைவிடச் சற்று இலேசு. நீராவி மூலக்கூறு நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. 2012இல் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து, ஈரப்பதத்தால் பந்தின் வடிவம் மாறி வளைவு கூடுவதாகக் காணவில்லை. வெயில் சுட்ட தரையிலிருந்து எழும் காற்றுச் சுழல்கள் மேகமூட்டத்தில் அடங்கிவிடுவதால் பந்தின் படலம் கலையாமல் இருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. ஈரம் உண்மையாகவே விளையாடுவது ராப்பனியில்தான். மின்னொளி ஆட்டத்தில் மென்பந்தின் ரோமம் தண்ணீர் குடித்துக் கனக்கும். கடினபந்து வழுக்கும், சுழற்பந்துவீச்சாளரின் விரல் பிடி போய்விடும்.

கடினபந்திலும் எல்லாம் ஒன்றல்ல. இலங்கையில் டெஸ்ட் ஆடுவது 1890இல் மெல்பேர்னில் தொடங்கிய கூக்கபுரா நிறுவனத்தின் பந்தால். அதன் வெளித்தையல் இயந்திர வேலை. இருபது, முப்பது ஓவருக்குள் தையல் படிந்துவிடும். பிறகு பந்து எதுவும் செய்யாது, வீசுகிறவர்தான் ஏதாவது செய்யவேண்டும். இங்கிலாந்தின் டியூக்ஸ் 1760 முதல் வரும் பெயர். ஆறு வரிசையும் கைத்தையல், மேலே தடித்த பூச்சு. ஐம்பது ஓவர் தாண்டியும் தையல் நிமிர்ந்து நிற்கும். பச்சைப் புல்லுக்கு ஏற்ற பந்து. இந்தியாவின் எஸ்.ஜி. 1931இல் சியால்கோட்டில் பிறந்து, பிரிவினைக்குப் பின் மீரட்டுக்கு வந்தது. தையல் புடைத்திருப்பதால் சுழற்பந்துவீச்சாளரின் விரலுக்குப் பிடி கிடைக்கும். வறண்ட தரையில் அந்தத் தையல் குத்தும்போது திரும்பும். கரடான தரையில் பூச்சு சீக்கிரம் போய்விடும்.

2018 அக்டோபரில் அப்போதைய இந்திய அணித்தலைவர் விராட் கோலி, உலகெங்கும் டெஸ்டுக்கு டியூக்ஸ் பந்தே ஏற்றது என்றார். அதே நாட்களில் அவ்வணியின் சுழற்பந்துவீச்சாளர் அஸ்வின், எஸ்.ஜி. பந்தின் தையல் முன்போல் எழுபது ஓவர் வரை நிற்பதில்லை என்று குறைப்பட்டார். ஒருவர் எல்லாப் பந்துவீச்சாளர்களின் தேவையையும் பார்த்தார், மற்றவர் தன் விரலைப் பார்த்தார். இருவரும் சொன்னது சரிதான்.

கட்டைகளை நோக்கிப் பந்துருட்டும் பௌலிங் விளையாட்டில் வீரர் பை நிறையப் பந்துகளோடு வருவார். ஓடுபாதையில் எண்ணெய் எங்கே தடித்திருக்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று பார்த்து, பிடிமானமுள்ள பந்தா வழுக்கும் பந்தா என்று தேர்ந்தெடுப்பார். கிரிக்கெட்டில் அந்தச் சுதந்திரம் பந்துவீச்சாளருக்கு இல்லை. கொடுத்த பந்துக்குக் கையை மாற்றிக்கொள்ள வேண்டியவர் அவரே. 2008 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கராச்சியில் இந்தியாவின் ஆறு விக்கெட்டுகளை 13 ஓட்டங்களுக்குச் சாய்த்த அஜந்த மெண்டிஸ், தையலையோ தரையையோ அதிகம் நம்பவில்லை. நடுவிரலால் பந்தைச் சுண்டிவிடும் கரம் பந்துதான் அவர் ஆயுதம்.

வீசுகிறவரை மாற்றுவதற்காகப் பந்தை மாற்றும் வழியும் உண்டு. இங்கிலாந்து மண்ணுக்குத் தங்கள் வீரர்களைப் பழக்க, ஆஸ்திரேலியா 2016-17 பருவம் முதல் சில ஆண்டுகள் தன் உள்நாட்டுத் தொடரின் பிற்பாதியில் டியூக்ஸ் பந்தைக் கொடுத்தது. வளையாத பந்தில் விக்கெட் எடுக்கப் பழகட்டும் என்று இங்கிலாந்து 2023இல் கவுண்டி ஆட்டங்களின் சில சுற்றுகளுக்குக் கூக்கபுராவைக் கொண்டுவந்தது. பந்தை ஒரு பாடப்புத்தகமாகவே அவர்கள் கையாள்கிறார்கள்.

நம் பிள்ளைகள் 58 கிராம் மென்பந்திலிருந்து ஒரே பாய்ச்சலில் 160 கிராம் கடினபந்துக்குப் போகிறார்கள். தோள் நோகிறது, அளவு தவறுகிறது, யார்க்கர் முழுநீளப் பந்தாகிப் பறக்கிறது. திறமை போதவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இடையில் ஒரு படி இருக்கிறது. கிரிக்கெட் விதியே 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம், பெண்களுக்கு 140 முதல் 151 கிராம் என்று இலேசான கடினபந்தை வகுத்திருக்கிறது. மணலோ களியோ, கொங்கிரீட் போட்டுப் பாய் விரித்தால் பந்து ஒரே சீராக எழும், தையலும் பிடிக்கும். பயிற்சிக்கு விலை குறைந்த இரண்டு துண்டுத் தோல் பந்து போதும். நான்கு துண்டுப் பந்தை ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாடசாலைகளும் கழகங்களும் அடுத்த பருவத்துக்குப் பந்து வாங்கும்போது விலையோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: எந்தத் தரையில் வீசப்போகிறார்கள், வீசப்போகிறவர்களுக்கு வயது என்ன? மென்பந்தை விடவேண்டாம், யார்க்கர் கற்றுத்தர அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது பாய் விரித்த ஆடுகளத்தில், வயதுக்கேற்ற எடையில் கடினபந்தையும் அந்தக் கைகளில் கொடுங்கள்.