சிவப்பு விளக்கும் மலைச்சரிவும்

பதுளையிலிருந்து கொழும்புக்கு வண்டியோட்டிச் சென்று திரும்புவோர், அங்கே சந்திக்குச் சந்தி சிவப்பு விளக்கின் முன் நின்று அலுத்த கதையைக் கூறக் கேட்டிருப்பீர்கள். ஊவாவில் அத்தனை விளக்குகள் இல்லை. எனினும் வண்டியை நிறுத்திக் காத்து நிற்கவேண்டிய இடங்கள் இங்கே குறைவல்ல. புகையிரதக் கடவைகள் உண்டு. ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க தோட்டப் பாதைகள் உண்டு. மண் சரிந்து ஒடுங்கிய வளைவுகளும் உண்டு.

வீதிச் சமிக்ஞை விளக்கே புகையிரதப் பாதையிலிருந்து வந்ததுதான். 1868ஆம் ஆண்டில் இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் அருகே முதல் விளக்கை வகுத்தமைத்தவர், ஜே. பி. நைற் என்னும் புகையிரதச் சமிக்ஞைப் பொறியியலாளர். பகலில் கைகாட்டி மரம். இரவில் சிவப்பும் பச்சையுமான வாயு விளக்குகள். பொலிஸ்காரர் ஒருவர் அதனை இயக்கினார். சில வாரங்களுள் வாயு வெடித்து, பாவம், அவர் காயமுற்றார். நிறங்கள் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டன.

பின்னர் வந்த மஞ்சள் விளக்கை ‘விரைந்து போ’ என்று பொருள்கொள்வார் பலர். அது நிற்கச் சொல்லும் விளக்கேயாகும்; பாதுகாப்பாக நிறுத்த இயலாத அளவுக்கு நெருங்கிவிட்டவரே கடந்து போகலாம். நிற்கும்போதும் வெள்ளைக் கோட்டைத் தாண்டலாகாது. பாதசாரிக் கடவையை வண்டி அடைத்துக்கொண்டால், பள்ளிப் பிள்ளைகள் அதனைச் சுற்றி நடுவீதிக்கு வரவேண்டியதாகிறது.

ஏற்றத்தில் நிற்பவர் பலர், கிளச்சை அரைகுறையாக அழுத்தி, எஞ்சினின் வலுவிலேயே வண்டியைத் தாங்கி வைக்கின்றனர். கிளச்சுத் தட்டு சூடேறித் தேயும். கால் தவறினால் வண்டி பின்னோக்கி உருளும். கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து கைப்பிரேக்கை இழுத்து நிற்பதே முறை. புறப்படும்போது முதலாம் கியரிட்டு, கிளச்சு பிடிப்பதை உணர்ந்த பின்னரே கைப்பிரேக்கைத் தளர்த்த வேண்டும். முன்னால் நிற்பது கொழுந்து லொறியாயின், அதன் பின்சக்கரங்கள் வீதியைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கேனும் இடைவெளி விடுங்கள். அது சற்றே உருண்டாலும் உங்களுக்குத் தீங்கில்லை.

1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை நம் வீதிகளைக் குறுக்கிடும் இடங்களில் நிகழ்வதையும் பாருங்கள். கேற் மூடியதும் இடப்பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நிற்பதே ஒழுங்கு. ஆனால் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் முந்திச் சென்று வலப்பக்கத்தையும் நிரப்பிவிடுகின்றன. அக்கரையிலும் அதே கோலம். கேற் திறந்ததும் இரு படைகள் போல எதிர்த்து வந்து, தண்டவாளத்தின் மேலேயே முட்டிக்கொண்டு நிற்கின்றன! அப்பால் தம் வண்டி முழுவதும் நிற்க இடமுண்டா என்று கண்ட பின்னரே கடவையில் ஏறவேண்டும். புகையிரதம் ஒதுங்கிப் போகாது. பிரேக் பிடித்தாலும் நெடுந்தூரம் ஓடியே நிற்கும். 2005 ஏப்ரல் 27ஆம் நாள், குருணாகல் மாவட்டத்து யாங்கல்மோதறையில், மூடிய கேற்றைச் சுற்றிக் கடக்க முயன்ற பஸ்ஸின் மீது புகையிரதம் மோதியதில் 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

விளக்கும் கேற்றும் இல்லாத இடத்திலோ, நிற்பதா போவதா என்பதைச் சாரதியே முடிவுசெய்ய வேண்டும். 2021 மார்ச் 20ஆம் நாள், பசறை–லுணுகலை வீதியில் 13ஆம் கட்டையருகே, பாறை விழுந்து ஒடுங்கியிருந்த இடத்தில் எதிரே லொறி வர, பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்தது. இறந்தோர் 14 பேருக்குக் குறையார். பிழை எவருடையது என்பது நமது ஆராய்ச்சியன்று. அத்தகைய இடத்தில் எதிரே வண்டி தெரிந்தவுடன், ஒடுக்கத்துக்கு வெகு முன்பாகவே, அகன்ற இடம் பார்த்து, இயன்றவரை மலைப்பக்கமாக நிறுத்துவது நலம். பள்ளத்துப் பக்க விளிம்பு மழையில் ஊறியிருப்பின் பாரவண்டியைத் தாங்காது.

மேலேறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிடுவது மலைநாட்டு மரபு. ஏற்றத்தில் நின்றுவிட்ட லொறியை மீண்டும் கிளப்புவது எளிதன்று. இரவாயின், நிற்பவர் தம் முன்விளக்கைத் தாழ்த்தி வைத்தால், ஏறி வருபவருக்கு வீதியின் விளிம்பு தெளிவாகத் தெரியும்.