கடல் கடந்த சாதியும் அதனை எதிர்த்த இயக்கமும்

ஊரைவிட்டுப் பெயர்ந்தவன் ஊரின் குறைகளையும் உடன் விட்டுச் செல்கின்றான் என்று எண்ணுதல் இயல்பு. கடவுச்சீட்டிற் சாதி குறிக்கப்படுவதில்லை. எனினும், தென்னாசிய மக்கள் குடியேறிய நாடுகள் பலவற்றிற் சாதி வேற்றுமையும் அவர்களுடன் குடியேறிற்று என்பது மறுத்தற்கரிய உண்மை. அதனை எதிர்த்து அந்நாடுகளில் எழுந்த இயக்கம் யாது வேண்டி நின்றது, எவ்வளவு பெற்றது என்பவற்றைச் சுருக்கமாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். நம் பழைய மாணவருட் பலர் இன்று அந்நாடுகளில் வாழ்கின்றனராதலின், இஃது அயலார் கதையன்று.

இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் பஞ்சாபிலிருந்து பிரித்தானியாவின் தொழில் நகரங்களுக்குச் சென்றோருள் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பலர் இருந்தனர். அவர்கள் அம்பேத்கர் பெயராலும் குரு இரவிதாசர் பெயராலும் தமக்கெனச் சங்கங்களும் வழிபாட்டிடங்களும் அமைத்தனர். தொழிற்சாலையில் ஒருவன் நிறங் காரணமாக ஒதுக்கப்பட்டால் 1976ஆம் ஆண்டின் இனத்தொடர்புச் சட்டத்தின் கீழ் முறையிடலாம். தன் நாட்டவனாலேயே சாதி காரணமாக ஒதுக்கப்பட்டாலோ, முறையிடுதற்குத் தெளிவான இடமில்லை. ஏனெனில், அச்சட்டத்திற் 'சாதி' என்னுஞ் சொல்லே இருக்கவில்லை. அச்சொல்லைச் சட்டத்திற் புகுத்துவதே இயக்கத்தாரின் முதற் கோரிக்கையாயிற்று.

அவர்தம் முயற்சியின் பயனாக, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில், அமைச்சர் விரும்பின் சாதியையுஞ் சேர்த்துக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு இடம்பெற்றது. 2013இற் பிரபுக்கள் சபையின் வற்புறுத்தலால் 'சேர்க்கலாம்' என்பது 'சேர்த்தல் வேண்டும்' என மாற்றப்பட்டது. ஆயினும் அக்கடமை நிறைவேற்றப்படவில்லை. 2017இற் பொதுமக்கள் கருத்துக் கோரிய அரசாங்கம், சட்டத்திற் சாதியைச் சேர்ப்பதில்லை என்றும், நீதிமன்றத் தீர்ப்புக்களே போதும் என்றும் 2018இல் அறிவித்தது.

அங்ஙனஞ் சுட்டப்பட்ட தீர்ப்பு ஓர் ஏழைப் பணிப்பெண்ணின் வழக்கில் எழுந்தது. இந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட அப்பெண், ஒரு குடும்பத்தில் நாலரை ஆண்டுகள், நாளொன்றுக்கு 18 மணி நேரம் வரை வேலை செய்தார். பெற்ற கூலியோ மணிக்கு 11 பென்சு என்னும் அளவிற்கு அற்பமானது. 2014இல் மேன்முறையீட்டு நியாயசபை, சாதி வேற்றுமை சில சந்தர்ப்பங்களில் 'இனத் தோற்றம்' என்பதனுள் அடங்கலாமெனத் தீர்ப்பளித்தது. 2015இற் கூலி நிலுவையாக ஏறத்தாழ 184,000 பவுண் அவருக்கு வழங்கப்பட்டது. எனினும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் நியாயசபை ஏறி, தம் துன்பம் இன்னொரு சொல்லினுள் அடங்கும் என வாதித்து நிறுவவேண்டியிருத்தல் எத்துணைப் பாரம்!

அமெரிக்காவில் இவ்வியக்கம் பல்கலைக்கழகங்களிலிருந்து தொடங்கிற்று. பிராண்டைசுப் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னிய அரசப் பல்கலைக்கழகம் 2022இலும் தம் விதிகளிற் சாதியைச் சேர்த்தன. 2023 பெப்ரவரி 21இற் சியாற்றில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது; அமெரிக்க நகரங்களுள் இதுவே முதலாவது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை, உள்ள சட்டங்களே போதுமெனக் கூறி ஆளுநர் நிராகரித்தார். கனடாவில், ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு, மாகாணத்தின் மனித உரிமைச் சட்டம் சாதிப் பாகுபாட்டையுந் தடுக்கின்றதென 2023இல் விளக்கமளித்தது.

இச்சட்டங்களை எதிர்ப்போர் கூற்றையும் நோக்குதல் முறை. இவை இந்து சமயத்தவர்மேல் மாசு கற்பிக்கும் என்பதும், சாதியறியா இளைஞரிடத்து அதனை நினைவூட்டும் என்பதும் அவர்தம் அச்சம். ஆயின் இவை எவரையுந் தம் சாதி யாதெனக் கேட்பனவல்ல. தீங்கிழைக்கப்பட்டவர் முறையிடும்போதே செயற்படுவன. சாதி வேற்றுமை சீக்கியர், கிறித்தவர், முசிலிம்களிடத்தும் காணப்படுவது. திருநாளைப்போவாரையுந் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் நாயன்மாராக வைத்து வணங்கும் சைவருக்கு இச்சட்டங்களால் இழுக்கொன்றுமில்லை.

சட்டத்தின் பயனும் அதன் எல்லையும் நம் நாட்டிலேயே கண்டவையாம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், ஆலயத்திலுந் தேநீர்க்கடையிலுஞ் சாதி பற்றித் தடுத்தலைக் குற்றமாக்கிற்று. அங்ஙனமிருந்தும், 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலஞ் செல்லவும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலிற் காத்திருக்கவும் மக்களுக்கு நேர்ந்தது. சட்டம் தானாக ஒரு கதவையுந் திறந்துவிடவில்லை. ஆயினும் கதவைத் தட்டியவர் உரிமையோடு தட்டுதற்கு அதுவே துணையாயிற்று. புலம்பெயர்ந்தோர் வேண்டுவதும் அத்துணையையே.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ நம்மவர் இருவர் சந்திக்குங்கால், 'எந்த ஊர்?' என்னும் வினா அன்பின் வினாவே. அடுத்து, 'ஊரில் எந்தக் குறிச்சி?' என்று வினவுமிடத்துத்தான் அது சாதியை அளக்குங் கோலாகிவிடுகின்றது. அதனைத் தடுக்குஞ் சட்டம் எந்நாட்டிலும் இல்லை, இருத்தலும் இயலாது. பெண் பேசும்போதும், சங்கத்திற்கு நிருவாகிகளைத் தெரியும்போதும் அவ்வினாவைக் கேளாதிருத்தல் நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. ஒரே வாங்கில் அமர்ந்து கற்றவர்களாகிய நாம், அவ்வாங்கின் நினைவைக் கடல் கடந்த பின்னும் போற்றுவோமாக.